பந்தில் காற்று இறங்கினால் ரசிகர் மனதில் என்ன நடக்கும்?

2015 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபாக்ஸ்பரோ என்ற ஊரில் மழை. அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை 45–7 என்று துவைத்து எடுத்துவிட்டது. இப்படி முடிந்த ஆட்டத்தைப் பற்றி மறுநாள் பேச ஒன்றும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் விடிவதற்குள் ஒரு செய்தி கசிந்தது: பேட்ரியாட்ஸ் பயன்படுத்திய பந்துகளில் காற்று குறைவாக இருந்ததாம். அது ஒன்றரை ஆண்டு நீதிமன்றம் வரை இழுத்தது.

இந்த விவகாரத்துக்கு 'டிஃப்ளேட்கேட்' என்று பெயர். காற்றை இறக்குவது 'டிஃப்ளேட்'. 1972 வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு அமெரிக்காவில் எந்த முறைகேடு வெளிவந்தாலும் பின்னால் ஒரு 'கேட்' மாட்டிவிடுவார்கள். எனக்கு அந்தப் பந்தைவிட அதைப் பற்றிச் சண்டை போட்டவர்கள்தான் சுவாரசியம். விசாரணை அறிக்கை ஒன்றுதான், எண்களும் ஒன்றுதான். பேட்ரியாட்ஸ் ரசிகரான பாஸ்டன்காரர் படித்தால் நிரபராதி தெரிந்தார்; இண்டியானாபொலிஸ்காரர் படித்தால் திருடன் தெரிந்தான். தன் அணி ஏமாற்றியது என்ற புகார் வரும்போது ரசிகர் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட வசதியான கதை கிடைக்காது.

முதலில் பந்து. அமெரிக்கக் கால்பந்தில் பெயரில்தான் கால். பெரும்பாலான வேலை கையில். குவாட்டர்பேக் என்ற ஆட்டக்காரர் முட்டை வடிவப் பந்தைப் பின்னாலிருந்து வீசுவார், ஓடும் சக வீரர் அதைப் பிடிக்க வேண்டும். பந்து கொஞ்சம் மெத்தென்று இருந்தால் குளிரிலும் மழையிலும் பிடி நழுவாது. அதனால்தான் காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரைதான் இருக்கலாம் என்று விதி இருக்கிறது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் விசித்திரமாகத் தோன்றும்: இங்கே ஒவ்வொரு அணியும் தான் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்தைத்தான் பயன்படுத்துகிறது. 2006 வரை உள்ளூர் அணிதான் எல்லாப் பந்துகளையும் கொடுத்தது. ஒவ்வொருவரும் தன் கைக்குப் பிடித்தபடி பந்தைத் தயார்செய்துகொள்ளட்டும் என்று விதியை மாற்றச் சொல்லி முன்னின்று கேட்டவர்கள் இரண்டு குவாட்டர்பேக்குகள். ஒருவர் பெய்டன் மேனிங். மற்றவர் பேட்ரியாட்ஸின் டாம் பிராடி. இந்தத் தகவலை எதிரணி ரசிகர்கள் பின்னால் எவ்வளவு ருசித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிராடிக்கு 12.5 பிடிக்கும், அதாவது விதியின் அடி விளிம்பு. கோல்ட்ஸ் தரப்பு ஆட்டத்துக்கு முன்பே, போட்டிகளை நடத்தும் லீகிடம் (என்.எஃப்.எல்.) சந்தேகத்தைச் சொல்லி வைத்திருந்தது. இடைவேளைக்கு முன், இரண்டாம் கால்பகுதியில் பிராடி வீசிய ஒரு பந்தைக் கோல்ட்ஸ் வீரர் குறுக்கே பாய்ந்து பிடித்தார். அந்தப் பந்து அவர்கள் பக்கம் போனது, அளந்து பார்த்தார்கள், காற்று குறைவு. இடைவேளையில் நடுவர்கள் பேட்ரியாட்ஸின் 11 பந்துகளையும் கோல்ட்ஸின் 4 பந்துகளையும் இரண்டு கருவிகளால் அளந்தார்கள். நேரம் போதவில்லை, அதனால்தான் 4. பேட்ரியாட்ஸ் பந்துகள் அத்தனையும் 12.5-க்குக் கீழே. காற்றடித்து மறுபடி களத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் பாதியில் பேட்ரியாட்ஸ் 28 புள்ளி எடுத்தது, கோல்ட்ஸ் பூஜ்யம்.

இந்த 28–0-வைத்தான் பாஸ்டன் ரசிகர்கள் முதலில் கையில் எடுத்தார்கள். சரியான பந்தில் இன்னும் நன்றாகத்தானே ஆடினோம், பிறகு ஏமாற்ற வேண்டிய அவசியம் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனித்தால், கேள்வி நைசாக இடம் மாறியிருக்கிறது. 'காற்றை இறக்கினார்களா' என்று கேட்டதற்கு 'இறக்கியதால் லாபம் உண்டா' என்று பதில் வருகிறது. தேர்வில் பிட் அடித்து மாட்டிய பையன், 'அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும் சார்' என்று சொல்வதைப் போல.

அப்புறம் இயற்பியல் வந்தது. பூட்டிய பாத்திரத்தில் உள்ள காற்று குளிர்ந்தால் அழுத்தம் குறையும். குளிர்நாடுகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பனிக்காலத்தில் ஒருநாள் காலை டயர் அழுத்தம் குறைவு என்று விளக்கு எரியும். சுமார் 22 டிகிரி செல்சியஸ் உள்ள அறையில் 12.5 வைத்த பந்தை 9 டிகிரி குளிருக்குக் கொண்டுபோனால், யாரும் தொடாமலேயே அது ஏறக்குறைய 11.3-க்கு இறங்கிவிடும். இடைவேளையில் அளந்தபோது ஒரு கருவி பேட்ரியாட்ஸ் பந்துகளுக்குச் சராசரியாக 11.5 காட்டியது, இன்னொன்று 11.1 காட்டியது. ஒரு கருவியை நம்பினால் குளிர்தான் குற்றவாளி. மற்றதை நம்பினால் யாரோ ஊசி குத்தியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முன் நடுவர் எந்தக் கருவியால் அளந்தார் என்பதிலேயே தகராறு. அப்போது அளந்த எண்களையும் யாரும் எழுதி வைக்கவில்லை. கோடிக்கணக்கில் டாலர் புரளும் லீகில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை!

சான்று இப்படி இரண்டு பக்கமும் சாயும்படி இருக்கும்போது, ஆள் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை எது முடிவுசெய்கிறது? இங்கேதான் நாம் தேடிவந்த விஷயம் தொடங்குகிறது.

நம் மூளை நீதிபதிபோல் நடந்துகொள்வதாக நாம் நினைக்கிறோம்: இரண்டு பக்கமும் கேட்டு, எடைபோட்டு, தீர்ப்பு. உண்மையில் பல நேரம் அது வக்கீல்போல் நடந்துகொள்கிறது. கட்சிக்காரர் யார் என்பது முதலில் தெரிந்துவிடுகிறது, அதன் பிறகுதான் சான்று தேடும் வேலை. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் சான்று வந்தால் 'இதை நம்பலாமா' என்று மேலோட்டமாகக் கேட்டுக்கொள்கிறோம். பிடிக்காத சான்று வந்தால் 'இதை நம்பியே ஆக வேண்டுமா' என்று ஓட்டை தேடுகிறோம். இதை விருப்பம் சார்ந்த பகுத்தறிவு என்று சொல்லலாம். முட்டாள்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். கெட்டிக்காரர்கள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். வாயு விதிகளைப் பள்ளியோடு மறந்துபோன நியூ இங்கிலாந்துக்காரர்கள் ஒரே வாரத்தில் ஃபாரன்ஹீட்டைக் கெல்வினாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். எதிரணி ரசிகர்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள எந்த அவசியமும் ஏற்படவில்லை.

இதில் விஞ்ஞானிகளும் விதிவிலக்கில்லை. பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக் தட்பவெப்ப விளக்கம் சொன்னபோது, 'சயன்ஸ் கை' என்று அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பில் நை தொலைக்காட்சியில் வந்து அது பொருந்தாது என்றார். அந்த ஆண்டு சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸுக்கு எதிராக ஆடவிருந்தது சியாட்டில் சீஹாக்ஸ். பில் நை சீஹாக்ஸ் ஆதரவாளர், பேசி முடிக்கும்போது அதையும் சிரித்தபடி சொல்லிவிட்டுத்தான் போனார். பாஸ்டனுக்கு அது போதாதா?

விசாரணை அறிக்கை அந்த மே மாதம் வந்தது. டெட் வெல்ஸ் என்ற வழக்கறிஞர் தலைமையில், 243 பக்கம். பந்துகளைக் கையாண்ட ஊழியர் ஒருவர் அவற்றோடு கழிவறைக்குள் 1 நிமிடம் 40 விநாடி இருந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. அதே ஊழியர் பல மாதங்களுக்கு முன் ஒரு குறுஞ்செய்தியில் தன்னைத்தானே 'காற்று இறக்குபவன்' என்று குறிப்பிட்டிருந்தார். உடல் எடை குறைப்பதைப் பற்றிய கிண்டல் அது என்று பேட்ரியாட்ஸ் தரப்பு விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தைப் படித்து நான் சிரித்தேன், நம்பியவர்களும் இருந்தார்கள். முறைகேடு நடந்திருக்க 'அதிக வாய்ப்பு' உண்டு, பிராடிக்குப் 'பொதுவாகத் தெரிந்திருக்க' வாய்ப்பு உண்டு என்பதுதான் அறிக்கையின் முடிவு. இந்த வழவழா வாசகங்களை ஆளாளுக்கு ஒரு பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எதிரணி ரசிகர்கள் 'தெரிந்திருக்கிறது' என்று படித்தார்கள், பாஸ்டன் 'வெறும் வாய்ப்புதான்' என்று படித்தது.

நான் என்ன நினைக்கிறேன்? ஊழியர்கள் ஏதோ செய்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது. அளவீட்டை வைத்து அதை நிரூபிக்க முடியாது என்றும் தோன்றுகிறது. எந்த அணியும் எனக்குச் சொந்தமில்லை, அதனால் இப்படி நடுவில் நிற்பது சுலபம். இதில் என் நேர்மைக்குப் பங்கு ஒன்றும் கிடையாது.

இந்த விஷயத்தில் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அதிர்ஷ்டவசமாக அதுவும் அமெரிக்கக் கால்பந்து பற்றியதுதான். 1951 நவம்பர் 23 அன்று பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரி அணிகள் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. டார்ட்மத்தில் இருந்த ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் பிரின்ஸ்டனில் இருந்த ஹாட்லி கான்ட்ரிலும் சேர்ந்து, இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் ஆட்டத்தின் ஒரே படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தவறுகள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது சராசரியாக 9.8. டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது 4.3. 1954-ல் வெளியான இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம், இரண்டு தரப்பும் பொய் சொன்னதாக ஆசிரியர்கள் சொல்லவில்லை என்பது. அவர்கள் உண்மையிலேயே வேறு வேறு ஆட்டங்களைப் பார்த்தார்கள் என்றார்கள்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது பாதிக் கதைதான். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பது மீதி. எதிரணி ரசிகர்களும் எண்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள் இல்லை. பேட்ரியாட்ஸ் அப்போது பதினைந்து ஆண்டுகளாக எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டிருந்த அணி. அதன் மேல் பழைய பாக்கி இருந்தது. 2007-ல் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளை அனுமதியில்லாத இடத்திலிருந்து வீடியோ எடுத்து மாட்டியிருந்தார்கள். அதன் பெயர் 'ஸ்பைகேட்'. பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர், அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம். கைப்பற்றிய டேப்புகளை லீகே அழித்துவிட்டது. இதுதான் பெரிய பிழை என்பேன். டேப்பில் என்ன இருந்தது என்று தெரியாமல் போனதால், அதில் என்ன வேண்டுமானாலும் இருந்திருக்கலாம் என்றாகிவிட்டது. 2002 சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸிடம் தோற்ற ராம்ஸ், 2005-ல் தோற்ற ஈகிள்ஸ் போன்ற அணிகளின் ரசிகர்கள் தங்கள் பழைய தோல்விகளை எல்லாம் தூசி தட்டி எடுத்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்கள். தோல்விக்கு ஒரு காரணம் கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! பிறகு 2015-ல் பந்து விவகாரம் வந்தபோது அவர்களுக்கு விசாரணை தேவைப்படவில்லை.

சரி, மாட்டிக்கொண்டால் ரசிகர் வெட்கப்பட்டு விலகிப் போய்விடுவார் என்று எதிர்பார்ப்போம் இல்லையா? நடந்தது நேர்மாறு.

பிராடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு பறிப்பு என்று 2015 மே 11-ல் தண்டனை அறிவிப்பு வந்தது. டிராஃப்ட் என்பது கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, அதில் முதல் சுற்று என்பது தங்கம். அந்த நொடியிலிருந்து பேச்சு பந்தைப் பற்றியதாக இல்லை, தண்டனை கொடுத்தவரைப் பற்றியதாகிவிட்டது. லீகின் ஆணையர் ராஜர் குடெல் வில்லனானார். 'பிராடியை விடுதலை செய்' என்று டி-ஷர்ட்கள் வந்தன. பேட்ரியாட்ஸின் சொந்த மைதானமான ஜில்லெட் ஸ்டேடியத்தில் ஊர்வலம் போல ஒன்று நடத்தினார்கள். டிராஃப்ட் வாய்ப்பைத் திருப்பித் தரச் சொல்லி ரசிகர்கள் சிலர் நீதிமன்றத்துக்கே போனார்கள். பிராடி தன் பழைய செல்போனை அழித்த விஷயம் ஜூலையில் வெளிவந்தபோது மற்ற ஊர்களில் 'பார்த்தீர்களா' என்று குதித்தார்கள். பாஸ்டனில் 'தனிப்பட்ட போனை ஏன் கொடுக்க வேண்டும்' என்று கேட்டார்கள்.

இது பேட்ரியாட்ஸ் ரசிகர்களின் தனிக்குணம் இல்லை. நியூ ஆர்லியன்ஸ் கதை அதற்குச் சாட்சி. எதிரணி வீரர்களைக் காயப்படுத்தினால் பணம் தருவது என்று செயின்ட்ஸ் அணிக்குள் ஓர் ஏற்பாடு ஓடியதாக 2012-ல் வெளிவந்தது. பந்தில் காற்று இறக்குவதோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அசிங்கம். பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு அந்தப் பருவம் முழுக்கத் தடை. ஆனால் அந்த ஊருக்கு செயின்ட்ஸ் யார்? 2005 கத்ரீனா புயலில் ஊரே மூழ்கிய பிறகு, 2010-ல் முதல் சூப்பர் பவுலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று ஊர் முடிவுசெய்துவிட்டது. 2013 பிப்ரவரியில் சூப்பர் பவுல் அதே ஊரில் நடந்தபோது, 'இந்த ஆளுக்குச் சாப்பாடு போடாதீர்கள்' என்று குடெலின் படத்தோடு உணவகங்களில் நோட்டீஸ் தொங்கியது.

ஏன் இப்படி? ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976-ல் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்து எழுதினார். கல்லூரி அணி சனிக்கிழமை ஜெயித்தால் திங்களன்று கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வரும் மாணவர்கள் அதிகம். ஜெயித்தால் 'நாம் ஜெயித்தோம்', தோற்றால் 'அவர்கள் தோற்றார்கள்'. பிறர் புகழில் குளிர் காய்தல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். தோல்வியிலிருந்து இப்படி விலகி நிற்பது சுலபம், ஏனென்றால் அடுத்த வாரம் திரும்பி வந்துவிடலாம். ஏமாற்றுப் புகார் அப்படி இல்லை. அது முன்தேதியிட்டு வேலை செய்கிறது. அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த அந்த 2002 இறுதி ஆட்டமும் பொய்யா, அன்றைக்குக் கட்டிப்பிடித்து அழுததும் பொய்யா என்று கேட்கிறது. அதை ஒப்புக்கொள்வதைவிட ஆணையர் கெட்டவர் என்று நம்புவது மலிவு.

தீவிர ரசிகர்தான் இப்படி. சும்மா ஜெயிக்கும்போது மட்டும் தொப்பி போட்டுக்கொண்டவர் சத்தமில்லாமல் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். அவரை யாரும் படம் பிடிப்பதில்லை, அதனால் அவர் கதை நமக்கு வருவதும் இல்லை.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2015 செப்டம்பரில் ஒரு நீதிபதி தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மீண்டும் கொண்டுவந்தது. பிராடி போராட்டத்தை விட்டுவிட்டு 2016 பருவத்தின் முதல் 4 ஆட்டங்கள் வெளியே இருந்தார். திரும்பி வந்து, 2017 பிப்ரவரி சூப்பர் பவுலில் 28–3 என்று பின்தங்கியிருந்த அணியை 34–28 என்று ஜெயிக்க வைத்தார். கோப்பை கொடுக்க குடெல் மேடையேறினார். பேட்ரியாட்ஸ் ரசிகர்களின் கூச்சலில் அவர் பேசியது பாதிக்கு மேல் கேட்கவில்லை. ஏமாற்றினார்களா இல்லையா என்பதற்கு அந்த ஆட்டம் எந்த விதத்திலும் பதில் இல்லை, ஆனால் அரங்கத்தில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்! அதே ஆண்டு செப்டம்பரில், இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, குடெல் முதன்முறையாக ஃபாக்ஸ்பரோவுக்கு வந்தார். கோமாளி மூக்கு வைத்த அவர் முகம் அச்சிட்ட துண்டுகளை ஆயிரக்கணக்கில் விநியோகித்து வைத்திருந்தார்கள். அன்று பேட்ரியாட்ஸ் கான்சஸ் சிட்டியிடம் 42–27 என்று தோற்றது தனிக்கதை.

பிரின்ஸ்டன், டார்ட்மத் விஷயத்தில் ஒரு துணுக்கை விட்டுவிட்டேன். அந்த ஆட்டத்தின் படம் டார்ட்மத்தின் பழைய மாணவர் ஒருவருக்கும் போனது, சங்கக் கூட்டத்தில் திரையிடுவதற்காக. நம் பையன்கள் முரட்டுத்தனமாக ஆடியதாகப் பத்திரிகையெல்லாம் எழுதியிருக்கிறதே என்று அவர் முன்கூட்டியே போட்டுப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை. குழம்பிப்போய்க் கல்லூரிக்குத் தந்தி அடித்தார்: படத்தின் முக்கியமான பகுதி வெட்டப்பட்டிருப்பதாகத் தெரிகிறது, விளக்கம் சொல்லவும், முடிந்தால் விட்டுப்போன துண்டை ஜனவரி 25-க்குள் விமானத் தபாலில் அனுப்பவும், ஒட்டுவதற்கான கருவி எங்களிடம் இருக்கிறது.